கைப்பையில் அடங்காத துப்பாக்கி

வெல்மா டக்கெட் கேட்டது ஒரு துப்பாக்கி. கடைக்காரன் விர்ஜில் எடுத்து வைத்ததோ இளஞ்சிவப்பு நிறத்தில் பொம்மை மாதிரி ஒரு குட்டித் துப்பாக்கி. அதையும் அவள் கையில் கொடுக்கவில்லை. கூட வந்த தம்பி ராய்ஸிடம் நீட்டினான்.

"உங்கக்காவுக்கு இதான் தோது. பாரமே தெரியாது. பொம்பளைங்க எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

வாங்க வந்தவள் குத்துக்கல் மாதிரி முன்னால் நிற்கிறாள். பேச்செல்லாம் தம்பியோடு! வெல்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீவனக் கடையில் ஐம்பது பவுண்டு மூட்டைகளை வண்டியில் ஏற்றியே உரமேறிய கை அவளுடையது. இந்த விர்ஜிலின் குதிரைகளுக்கும் அவள்தான் மூட்டை தூக்கிப் போடுகிறாள். முதுகு சரியில்லை என்று இந்தத் துரை வண்டியைவிட்டே இறங்க மாட்டார். பாரத்தைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை டாரல் சிறையிலிருந்து வெளியே வருகிறான். அவளுடைய பழைய புருஷன். வந்ததும் முதலில் அவளைத்தான் பார்ப்பேன் என்று ஆள்விட்டுச் சொல்லியிருந்தான். அவன் கிட்டே வரக்கூடாதென்று நீதிபதி தடை போட்டிருக்கிறார். அவன் வந்தால் போன் செய்யுங்கள் என்கிறது ஷெரீஃப் ஆபீஸ். அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போலீஸ் வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை டாரலுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் போலிருக்கிறது.

"இங்க குடு."

ராய்ஸ் அப்படியே நீட்டினான். உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டாமல் அந்த ஊரில் யாரும் துப்பாக்கியைக் கைமாற்ற மாட்டார்கள். பெண்பிள்ளைக்குக் கொடுக்கும்போது மட்டும் அது மறந்துபோகும். வெல்மாவே மேல்பாகத்தை இழுத்துத் திறந்து பார்த்துக்கொண்டாள்.

"அட, இழுத்துட்டாளே!" என்றான் விர்ஜில்.

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்க இடம் உண்டு. இளஞ்சிவப்பு துள்ளிய துள்ளலில் மணிக்கட்டு சுரீரென்றது. எதிரே மாட்டியிருந்த குறி அட்டையின் ஓரம்தான் கிழிந்தது. அடுத்து, பெரிய கறுப்புத் துப்பாக்கி ஒன்றை அவளே காட்டிக் கேட்டு வாங்கினாள். அதன் கனமே அதை அடக்கியது. சுட்டதெல்லாம் நடு வட்டத்தில் விழுந்தது.

"இது ரொம்பப் பெருசு கண்ணு. கைப்பையில அடங்காது," என்றான் விர்ஜில், கடைக்குள் திரும்பியதும்.

"கைப்பையில யாரு வெக்கப் போறா?"

ராய்ஸ் சிரித்தான். "பின்ன எங்க வெப்பக்கா? சர்ச்சுக்கு வர்ற பொம்பளைங்க பைய ஒருநாள் தூக்கிப் பாரு. உள்ள பைபிளவிடத் துப்பாக்கிதான் கனமா இருக்கும்."

இரண்டு ஆண்களும் சிரித்து முடித்ததும் வெல்மா தம்பியிடம் கேட்டாள்.

"டாரல் என்னய அடிக்க வந்தா முதல்ல எதப் புடுங்குவான்? சொல்லுடா."

பதிலையும் அவளே சொன்னாள்.

"கைப்பைய. சாவி அதுல, போன் அதுல. எப்பவும் அதத்தான் முதல்ல புடுங்குவான். நீ பாத்திருக்க. ஜூலை நாலு விருந்தன்னிக்கு, என் வீட்டுக் கொல்லையில. புடுங்கிக் கூரை மேல எறிஞ்சான். நீ அடுப்புல கறியத் திருப்பிப் போட்டுட்டு நின்ன. இப்ப அந்தப் பைக்குள்ள துப்பாக்கிய வெக்கச் சொல்ற. இது எனக்கு வாங்குறதா, அவனுக்கு வாங்கிக் குடுக்குறதா?"

விர்ஜில் சுத்தமாக இருந்த மேசைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"யோவ், இடுப்புல மாட்டுற உறை ஒண்ணு எடு. பெல்ட்டும் எடு."

"பெல்ட்டு ஆம்பளைங்க அளவுதாம்மா இருக்கு."

"ஓட்டை போட்டுக் குடு."

'கண்ணு' போய் 'அம்மா' வந்துவிட்டது. விர்ஜில் உள்ளே போனதும் ராய்ஸ் குரலைத் தாழ்த்தினான்.

"அன்னிக்கு நான் அவனத் தட்டிக் கேட்டிருக்கணும்க்கா."

"ஆமா."

"புருஷன் பொண்டாட்டி சண்டை, நாம நடுவுல போகக் கூடாதுன்னு…"

"உனக்குக் கறி கருகிடும்னு கவலை."

ராய்ஸின் காது சிவந்தது. "என்னவிட உனக்கே எல்லாம் தெரியுது. அப்புறம் என்னய எதுக்குக் கூட்டிட்டு வந்த?"

விர்ஜில் கொண்டுவந்த பெல்ட்டை வாங்கி, புது ஓட்டையில் இழுத்து மாட்டினாள் வெல்மா.

"தம்பின்னு ஒருத்தன் இருந்தும் எனக்கு இது வேண்டியிருக்கில்ல? அத நீ பக்கத்துல நின்னு பாக்கணும்னுதான்."