ஐஸில் அமிழ்த்திய குழாய்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வாவிக்கரையில் மீன்பெட்டி சுமந்த இந்தத் தோளால் காத்தான்குடியில் சொந்தமாக ஐஸ் ஆலை போட்டேன். பெரியகல்லாறு வரை என் ஐஸைத்தான் கேட்டு வாங்குவார்கள். குளிரவைப்பதில் எனக்குச் சொல்லித்தர ஆளில்லை என்றிருந்தேன். அந்த நினைப்புத்தான் கெடுத்தது.

மகள் பல்கலைக்கழகத்தில் டிஎன்ஏ ஆராய்ச்சி செய்கிறாள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த இரண்டு இழைகள். ஒன்றில் வேண்டுமென்றே ஓர் எழுத்துப் பிழை. சேர்த்துச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் அந்தப் பிழையோடேயே இரண்டும் இணையும். பிழை திருத்தும் புரதம் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பிறகு பார்ப்பாள்.

அந்தப் புரதத்தைக் குளிரில் வைக்க, ரெஜிபோம் நுரைப்பெட்டியில் அவளது ஆய்வுகூடத்துக்கு ஐஸ் கொண்டுபோனேன். மேசையில் சுடுநீர்ச் சட்டி. அதில் அந்த இழைகள் இருந்த சின்னக் குழாய்கள் மிதந்தன.

"இதத் தொட்டுராதீங்க வாப்பா. தன்பாட்டில ஆறணும், ரெண்டு மணித்தியாலம்."

"என்ட ஆலையில எண்டா பத்து நிமிசம்."

"அதுக்கு இது சூரை மீனில்லையே" என்று சிரித்துக்கொண்டு வெளியே போனாள்.

வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று குழாய்களை அள்ளி ஐஸுக்குள் அமிழ்த்தினேன். ஒரு மணித்தியாலம் கழித்து வாசலில் அவள் யாருக்கோ விளக்குவது கேட்டது: "கெதியாக் குளிர்ந்தா இழை தனக்குள்ளயே மடங்கிரும், சரியாச் சேராது."

குழாய்களை எடுத்துத் துடைத்து, அதற்குள் சூடு தணிந்திருந்த சட்டியில் திரும்ப மிதக்கவிட்டேன். அவள் உள்ளே வந்ததும் ஆலையில் வேலை என்று கிளம்பிவிட்டேன்.

மூன்று கிழமையாகச் சோதனை எதுவும் சரிவரவில்லை. தண்ணீரைச் சந்தேகித்தாள், இழையைச் சந்தேகித்தாள். கடைசியில் தன் கைப்பிழை என்று பேராசிரியரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டாள். குழாய்களில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அன்று பகல் சோற்றைப் பிசைந்தபடி அவள் உண்ணாமல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் சொன்னேன்.

சோற்றைத் தள்ளிவைத்தாள்.

"அப்பவே சொல்லியிருந்தா திரும்பச் சூடாக்கி ஆறவிட்டிருப்பன் வாப்பா. ஒரு பின்னேர வேலை."

பேராசிரியரிடம் நானே சொல்கிறேன் என்றேன்.

"வேணாம். அவர் உங்கள, நேரத்துக்கு ஐஸ் கொண்டுவந்து தந்த நல்ல மனிசன் எண்டு சொல்லிக்கொண்டிருக்கார்."

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் காலை பேராசிரியரிடம் போனேன். அவர் எழுந்து கதிரையைக் காட்டினார். உட்கார மனம் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.