பெருவிரலில் சுண்ணாம்பு

1. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன மூன்றாவது வாரம், என் கணவர் அமல் குளியலறைக் கதவைத் தாழிட்டதும் குழாயைத் திறந்துவிட ஆரம்பித்தார். தண்ணீர் கொட்டும் சத்தத்தில் உள்ளே நடப்பது எதுவும் வெளியே கேட்காது.

2. கைபேசியும் அவரோடு உள்ளே போனது.

3. பாயைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் படுத்தார். கேட்டால், "புழுக்கமா இருக்கு" என்றார்.

4. பக்கத்தில் வைத்த சொம்புத் தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

5. ஒரு சனிக்கிழமை கடலுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டவர், இன்ஜின் கோளாறு என்று சாயங்காலமே திரும்பினார். துவைக்க எடுத்த சட்டைப் பையில் அதே நாள் தேதியோடு ராமநாதபுரம் பேருந்துச் சீட்டு இருந்தது.

இதை என் கைபேசியில் எழுதி வைத்திருந்தேன். தலைப்பு "அமல்". நான் தங்கச்சிமடத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். எதையும் வரிசை எண் போட்டு எழுதினால்தான் எனக்கு மனது நிற்கும். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அவருக்கு வயது இருபத்தொன்பது, விசைப்படகில் டிரைவர். ஐந்தையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒரே விடைதான் வந்தது. வேறொருத்தி.

என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் கோயிலில் அந்தோனியார் நவநாள் செபம் உண்டு. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று சிறு வயது முதல் நம்பி வந்திருக்கிறேன். இரண்டு செவ்வாய் முழங்காலில் இருந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். "அவள் யார் என்று காட்டும்."

மூன்றாவது செவ்வாய் அவரும் வந்தார். கூப்பிடாமலே கிளம்பியதால் அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. நற்கருணை வாங்கிவிட்டு நான் கண்களைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தேன். திரும்பி வருகிறவர்களின் வெறும் பாதங்கள் மட்டுமே தெரிந்தன. அவற்றில் அவர் பாதமும் வந்தது. இரண்டு பெருவிரல் நகத்திலும் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது.

சுண்ணாம்பு.

எங்கள் ஊர்ப் பக்கம் நீர்க்கடுப்பு வந்தால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவார்கள். சூடு இறங்கும் என்று நம்பிக்கை. சிறுநீர் பாட்டிலோடு என் கவுன்டருக்கு வருகிறவர்களின் காலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குழாய், கைபேசி, பாய், சொம்பு, பேருந்துச் சீட்டு. ஐந்தும் அந்த நிமிடம் வேறு வரிசையில் வந்து நின்றன. நான் ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டேன். கடவுள் என் கணவரின் காலைக் காட்டினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "கால்ல என்ன?"

"போட்டுக்குப் பெயின்ட் அடிச்சேன்."

"ரெண்டு பெருவிரலுக்கு மட்டுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் அதே படகில் வேலை பார்க்கும் கில்பர்ட் அண்ணன் வந்து தோளில் தட்டினார். "ஏலே, சூடு எறங்குச்சா? எளநி குடிக்கச் சொன்னேனே, குடிச்சியா? புதுமாப்பிள்ள மாதிரி வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கான் பாரு."

அமல் அவரிடம் கண்ணைக் காட்டினார். நான் அமலின் கையைப் பிடித்தேன். நெருப்பாகச் சுட்டது. அவர் உடம்பு குளிரில் நடுங்கியது.

"எத்தன நாளா?"

"மூணு வாரம் இருக்கும். எரிச்சல். அடிவயித்துக்குக் கீழ வலி, உக்கார முடியல. காலையில இருந்து சொட்டுச் சொட்டாத்தான் போகுது. இப்ப அதுவும் இல்ல."

கேலி நின்றது. கில்பர்ட் அண்ணன் வண்டி பிடிக்க ஓடினார். பாம்பன் பாலத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அமல் பல்லைக் கடித்தார். அப்போதுதான் கேட்டேன், அந்தச் சனிக்கிழமை எங்கே போனீர்கள் என்று.

"ராம்நாட்டுல ஒரு லேப்புக்கு. உள்ள ஒன்ன மாதிரியே ஒரு புள்ள ஒக்காந்து பேரு கேட்டுச்சு. திரும்பி வந்துட்டேன். பாத்ரூம்ல ஒக்காந்து போன்லதான் வைத்தியம் தேடுனேன்."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"நீதான் அன்னைக்குச் சிரிச்சியே."

எனக்கு ஞாபகம் வந்தது. தடைக்காலத்தில் ஒருநாள் சாப்பிடும்போது நானே சொன்ன கதை. ஒரு இளைஞர் சிறுநீர் பாட்டிலைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து வந்து, "எங்க அய்யாவுக்கு" என்று கிசுகிசுத்ததைப் பேசிக் காட்டிச் சிரித்தேன். பெயரைச் சொல்லவில்லை, அதனால் தவறில்லை என்று நினைத்திருந்தேன். அமலும் அன்று சிரித்தார்.

ராமநாதபுரத்தில் மருத்துவமனைக்குப் போனதும் டியூப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றினார்கள். புராஸ்டேட் சுரப்பியில் கிருமித் தொற்று, வீங்கி வழியை அடைத்திருக்கிறது என்றார் மருத்துவர். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா ரத்தத்துல ஏறியிருக்கும்மா. உயிருக்கே ஆபத்து."

"அது வயசானவங்களுக்கு வர்றதுதானே டாக்டர்?" என்று அமல் கேட்டார்.

"வயசானவங்களுக்கு வர்ற வீக்கம் வேற. இது ஒங்க வயசுலயும் வரும். எரியுதுன்னு தண்ணியக் கொறச்சீங்களா?"

அவர் தலையாட்டினார்.

பிறகு அவரிடம் தனியாகச் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்று என்னை வெளியே அனுப்பினார்கள். மறைக்காமல் சொல்கிறேன். அந்த வராந்தாவில் நின்றபோது பழைய சந்தேகம் மறுபடி தலை தூக்கியது. எந்தக் கிருமி என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்த அன்று அதை நானே வாங்கி இரண்டு முறை படித்தேன். குடலில் சாதாரணமாக வாழும் கிருமிதான், வேறொருத்தியிடமிருந்து வந்ததில்லை. வெட்கப்பட ஒன்றுமில்லாத ஒரு நோயை மறைத்து என் கணவர் உயிரைப் பணயம் வைத்திருந்தார், என் ஒரு சிரிப்புக்குப் பயந்து.

மருத்துவமனைக் கட்டில் ஓரத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பட்டியலையும் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "ஆறாவது விட்டுட்டியே, சுண்ணாம்பு" என்றார். பட்டியலை அழித்துவிட்டேன்.

இதை வாசிக்கும் சகோதரிகளே, வீட்டில் ஒரு கதவு அடிக்கடி தாழிடப்பட்டால் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நேராகக் கேளுங்கள். சகோதரர்களே, எரிச்சல், காய்ச்சல், அடைப்பு என்றால் சுண்ணாம்போடு நிற்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். செபிக்கத் தெரியவில்லையே என்று தயங்கவும் வேண்டாம். நான் செபித்தது தவறான செபம். அதற்கும் சரியான பதில் வந்தது. அந்த ஆண்டவரை நீங்களும் நம்பலாம்.

இப்போது உள்ள நிலை இது. நான்கு வார மாத்திரை முடிந்தது. வலி இல்லை. லேப்பில் நடப்பதை நான் வீட்டில் பேசுவதில்லை. மறுபரிசோதனைக்கு அமல் என் கவுன்டருக்கே வந்து, பாட்டிலைக் கையில் வெளிப்படையாக நீட்டினார். வழக்கம்போல் பெயர் கேட்டேன். சத்தமாகச் சொன்னார். கிருமி வளரவில்லை. இன்று புதன்கிழமை, தண்ணீர் கேனோடு கடலுக்குப் போயிருக்கிறார்.