ரப்பர் மூடி வைத்த இயர்போன்

அக்கா புருஷன் மஸ்கட்டிலிருந்து முதல் விடுப்பில் வந்தது எண்பதுகளின் நடுவில். அக்காவும் கைக்குழந்தையும் பழவேற்காட்டுப் பக்கம் தோணிரேவில் எங்களோடுதான் இருந்தார்கள், அதனால் அவரும் எங்கள் வீட்டிலேயே வந்து இறங்கினார். சட்டைப் பையில் அடங்கும் டேப் ரெக்கார்டர் ஒன்றும், அதற்கு இரண்டு ஜோடி இயர்போனும் கொண்டுவந்திருந்தார். ஒன்று கெட்டி பிளாஸ்டிக். இன்னொன்றின் முனையில் மெல்லிய ரப்பர் மூடி. அவர் பேசுவதைக் கேட்டால், இரண்டையும் அவரே உட்கார்ந்து கண்டுபிடித்தார் என்றுதான் தோன்றும். மஸ்கட்டில் அவர் செய்தது சிமெண்டு மூட்டை இறக்கும் வேலை.

வருகிறவர் காதிலெல்லாம் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகினார். "பிளாஸ்டிக்கு வெளிச்சத்தத்தை உள்ள வுட்டுடும். ரப்பரு அப்டியே அடைச்சிக்கும், பக்கத்துல வெடி வெச்சாலும் கேக்காது" என்பார். தலையாட்டிவிட்டுப் போனவர்கள் முதுகு மறைந்ததும் லுங்கி நுனியால் ரப்பரைத் துடைப்பார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. அவரும் மீன் வாடையில் பிறந்தவர்தான்.

ஒரு நாள் காலை நைனாவின் படகில் இறால் நிறைய வந்தது. நைனாவுக்கு இடுப்புப் பிடித்திருந்தது. ஏலத்துக்கு முன்னால் கூடைகள் கரையேற வேண்டும். அக்கா வாசலில் நின்று புருஷனைக் கூப்பிட்டாள். அவர் கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். காதில் ரப்பர் ஜோடி. கால் மட்டும் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டு அவளே போனாள். சேற்றில் கூடையோடு சறுக்கி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

மதியம் நைனா விசாரித்தபோது, எனக்குக் கேட்கவே இல்லை, ரப்பர் போட்டிருந்தேன் என்று அவர் சொன்னார். நைனா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மருமகனாயிற்றே.

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் அதே கட்டிலில் படுத்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை அவர் விட்ட இடத்திலேயே விட்டேன். முதலில் பிளாஸ்டிக். அது என் காதில் நிற்கவே இல்லை. தலையைத் திருப்பினால் நழுவியது. பாட்டோடு சேர்ந்து பக்கத்து வீட்டு அம்மியும் கேட்டது. பிறகு ரப்பர். இறுக்கமாக உட்கார்ந்தது. காற்றின் இரைச்சல் அடங்கியது, அம்மி எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. அதுவரை அவர் சொன்னது உண்மைதான். ஆனால் நான் சொல்லிவைத்தபடி அக்கா வாசலிலிருந்து கூப்பிட்டதும் அந்தக் குரல் பாட்டுக்கு அடியிலிருந்து, கொஞ்சம் மங்கலாக, ஆனால் தெளிவாக வந்தது. ஒவ்வொரு முறையும் வந்தது.

துண்டோடு வந்தவரிடம் அதைச் சொன்னேன்.

"உன் காது ஓட்டை சின்னது. உனக்கு அது சரியா ஒக்காராது" என்றார். "எனக்கு ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்."

"அப்ப போட்டுக்கினு படுங்க மாமா, பாக்கலாம்."

மறுக்க முடியாமல் போட்டுக்கொண்டு படுத்தார். கண்ணை மூடினார். கால் தாளம் போட ஆரம்பித்தது. அக்கா வாசலிலிருந்து தன் சாதாரணக் குரலில் ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. கால் நின்றுவிட்டது. பிறகு ஞாபகம் வந்தவராக, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தாளத்தில் மறுபடி ஆட்டத் தொடங்கினார். ஒழுங்காக ஒரு பொய்யை நடிக்கக்கூடத் துப்பில்லாத மனிதர்.

கொல்லைப்புறத்தில், வீங்கிய கையோடு அரிசி களைந்துகொண்டிருந்த அக்காவிடம், மாமாவின் காலைக் கவனித்தாயா என்று கேட்டேன்.

"அவருக்குக் கேக்குதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி" என்றாள். "கேக்கலன்னு சொல்றவரைக்கும் குடித்தனம் நடக்கும். கேட்டுது, எழுந்துக்க இஷ்டமில்லன்னு சொல்லிட்டார்னா நான் இன்னா பண்ணுவேன்?"

அன்றைக்கு அவள்மேலும் எனக்கு இளக்காரம் வந்தது. அவர்மேல் இருந்ததைவிட அது நீடித்தது.

விடுப்பு முடிந்து பழவேற்காட்டில் அவர் பொன்னேரி பஸ் ஏறியபோது நான் போகவில்லை. அக்கா போய் அழுதுவிட்டு வந்தாள். சில மாதம் கழித்து எனக்கு ஒரு மஸ்கட் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லி ஆள் வந்தார்கள். வேண்டாம் என்றேன். நைனா கோபித்துக்கொண்டார், உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து காரணம் கேட்டார்கள். அக்கா மட்டும் ஒன்றும் கேட்காமல், வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.