கடைசியில் வருபவர்

லூட்கர் என் முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். "காத்தே இல்ல. இதை வெச்சுக்கிட்டா கிளம்பின? வழியில உன்னை யார் தூக்கிட்டு வர்றது, நானா?" திட்டிக்கொண்டே காற்றடிக்கும் பம்பையும் எடுத்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆல்ட்ரூப் தேவாலயத்தின் முன் வந்து நிற்கும் அத்தனை சைக்கிள்களுக்கும் இந்த வசவு உண்டு.

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் முன்னால் போவது ஆனெக்ரெட். மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு கடைசியில் வருவது லூட்கர். அவருக்குப் பின்னால் எங்கள் ஆள் ஒருவரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஆனெக்ரெட் ஒருவரை இறக்கி நிறுத்துவாள். அவர் கையை நீட்டி வழிகாட்டிக்கொண்டு, மஞ்சள் சட்டை வந்து சேரும் வரை அங்கேயே நிற்க வேண்டும். அது வந்த பிறகுதான் மறுபடி ஏறி மிதிக்கலாம். ஜெர்மனியின் இந்தப் பக்கத்து மூன்ஸ்டர்லாந்துக்காரர்களான எங்களிடம் ஒரு விதியைக் கொடுத்துவிட்டால் இடி விழுந்தாலும் அசைய மாட்டோம்.

கடைசி இடத்துக்கு இப்படி ஆசைப்படும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "முன்னாடி போறவளுக்கு ரோடு மட்டும்தான் தெரியும். எனக்கு உங்க எல்லார் முதுகும் தெரியும். யார் வீட்டுல நேத்து சண்டைன்னு முதுகே சொல்லிடும்" என்பார். வழியில் நாங்கள் நழுவவிடும் கையுறை, தொப்பி எல்லாம் சாயங்காலம் அவர் பையிலிருந்து வெளிவரும். ஒருமுறை பல்செட்டே வந்தது. யாருடையது என்று இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை.

பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் லாரியை ஓட்டியவர். எங்களைத் துரத்தும் நாய்கள் இவரைக் கண்டால் வாலாட்டும். வயலுக்குச் சாணிக் கரைசல் அடிக்கும் நாட்களில் நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மிதிப்போம்; இவர் மட்டும் நெஞ்சு நிறைய இழுத்து, "ஆகா, காசு கொடுத்தாலும் கிடைக்காது!" என்பார். மனைவி எர்முட் கட்டித் தரும் கறுப்பு ரொட்டியை ஊர் எல்லை தாண்டுவதற்குள் தின்று முடித்துவிடுவார். வயிற்றில் இருந்தால் கனம் தெரியாதாம்.

தொல்லை மின்சார சைக்கிளால் வந்தது. ஒருவர் வாங்க, அடுத்தவர் வாங்க, கடைசியில் என்னையும் சேர்த்து எல்லோரும் வாங்கிவிட்டோம், இவரைத் தவிர. எங்களுக்கும் மஞ்சள் சட்டைக்கும் இடையே தூரம் கூடிக்கொண்டே போனது. அவர் வலது முழங்காலும் வீங்கத் தொடங்கியது.

இந்த வசந்தத்தின் முதல் பயணத்தன்று, கிளம்பும்போதே ஆனெக்ரெட் போட்டு உடைத்துவிட்டாள்.

"லூட்கர், ஒண்ணு மோட்டார் வாங்கு, இல்ல சட்டையைக் கழட்டு. உனக்காக மூலைக்கு மூலை ஆளுங்க காஞ்சு கருவாடா நிக்கிறாங்க."

"நான் கழட்டினா யார் போடுவா?"

"யாராவது."

"யாராவதுன்னா ஒருத்தரும் இல்லைன்னு அர்த்தம்."

சட்டையின் பட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார். முகம் காது வரை சிவந்திருந்தது. அவள் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் சங்கடம்.

பிற்பகலில், பௌம்பெர்க மேட்டின் உச்சித் திருப்பத்தில் நிற்கும் முறை எனக்கு வந்தது. எல்லோரும் வியர்க்காமல் ஏறி என்னைக் கடந்து போனார்கள். அதன்பின் சாலையில் ஈ காக்கை இல்லை. தூறல் பிடித்தது. கைப்பேசியில் ஆனெக்ரெட் கூப்பிட்டாள்.

"இன்னுமா அங்க நிக்கற? நாங்க காபிக் கடைக்கு வந்தாச்சு, ரூபார்ப் கேக் தீரப் போகுது, வா. அந்த மனுஷனுக்கு வழி தெரியாதா என்ன?"

"சட்டை இன்னும் வரலையே."

அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே.

"சரி, நில்லு. உனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கிறேன்" என்றாள். பிறகு, "ரெண்டு துண்டு" என்றாள்.

என் சட்டைக்குள் தண்ணீர் இறங்கிய பிறகுதான் லூட்கர் தென்பட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நொண்டி நொண்டி வந்தார்.

"போயிருக்கலாம்ல?"

"எப்படிப் போறது? நீங்கதான் வரலையே."

சொட்டச் சொட்ட நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். "கீழ இருக்கும்போதே முட்டி முடியாதுன்னு சொல்லிடுச்சு. நான்தான் கேக்கல. உன்னை இப்படி நிக்க வெச்சுட்டேனே" என்றார். பிறகு மஞ்சள் சட்டையைக் கழற்றி, ஈர உடுப்புக்கு மேலேயே எனக்கு மாட்டிவிட்டார்.

"பின்னாடி வா. என்னைத் தாண்டிடாதே."

சைக்கிளில் ஏறி, இறக்கத்தில் போனார். அவரை முந்தாமல் வருவது சுலபமாக இல்லை. வழி நெடுக பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மேட்டின் அடியில் சாலை இரண்டாகப் பிரியும். ஊருக்குத் திரும்பும் வழி எல்லோருக்கும் தெரியும் என்று ஆனெக்ரெட் அங்கே ஆளை நிறுத்துவதில்லை. அவருக்குப் பின்னால் இருந்தது நான் ஒருத்தன்தான். அந்தப் பாதையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்து சேர்ந்துவிடுவேன், அது அவருக்கும் தெரியும். ஆனால் லூட்கர் இறங்கி, சைக்கிளைக் கைகாட்டிக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, வீங்கிய காலை ஊன்றி மழையில் நின்று, ஊர்ப்பக்கம் போகும் சாலையை நோக்கி வலது கையை நீட்டினார். நான் பக்கத்தில் வந்து நிற்கும் வரை அந்தக் கை இறங்கவில்லை.