ஆறிய கறியைச் சுவைத்தவர்

ஒருவர் சொன்னதை நான் மாற்றி எழுதினேன். அதனால் அவருக்கு வேலை போனது.

மலேசியாவின் கிள்ளானில் ராணுவத்துக்கு உணவுப் பொட்டலம் தயாரிக்கும் தொழிற்சாலையில் நான் மேலாளராக இருந்தேன். அவர் சுவை பார்ப்பவர். முன்னாள் சிப்பாய், ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த கழுத்து. பொட்டலத்தைப் பிரிக்கும் முன், உடம்பு களைக்க, மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்குவார். பிறகு லோரி ஓரமாகக் குந்தி, சுடவைக்காமலே சாப்பிடுவார்.

"ஏர்கோன்ல உட்கார்ந்து சூடா தின்னா எல்லாம் நல்லாத்தான் இருக்கும் சார். காட்டுல யாரு அடுப்பு பத்த வச்சுக் கொடுப்பா?" என்பார்.

ஒருநாள் மீன் கறியைத் தின்றுவிட்டு, "ஆறிட்டா எண்ணெ நாக்குல ஒட்டுது. பாதிக்கு மேல இறங்காது லா," என்றார். மறுநாள் சரக்கு போயாக வேண்டும். நான் 'நன்று' என்று அறிக்கையில் தட்டச்சு செய்தேன். அவர் என்னை நம்பி, படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ராணுவத்திலிருந்து புகார் வந்தபோது முதலாளியிடம் அந்தக் கையெழுத்தைக் காட்டினேன்.

ஓய்வு பெற்றபின், சென்ற ஆண்டுதான், நடந்ததை முதலாளிக்கு எழுதி அனுப்பினேன். அதன் நகலோடு பந்திங்கில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"அந்தக் கறிய தின்னானுங்களா, கொட்டிட்டானுங்களா சார்?"

"பாதிப் பேர் கொட்டிட்டாங்க."

"அப்ப அன்னிக்குப் பசியோடதான் நடந்திருப்பானுங்க," என்றார்.

போன வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மன்னிப்பை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் நான் பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.