தகரத்தைப் பிரித்த மீனலோசனி

கோலாலம்பூர் பக்கத்து ஸ்ரீ கெம்பாங்கானில் யாராவது வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்ட வேண்டுமென்றால், "மீனாக்காகிட்ட போங்க" என்பார்கள். கட்டடக் கலைஞராகப் பட்டம் வாங்கி, இத்தனை வருடமாக மீனலோசனி வரைந்ததெல்லாம் சமையலறையும் கார் கொட்டகையும்தான். அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை. மழையில் நனையாமல் ஒருவர் காரிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போனால் அதுவும் கட்டடக் கலைதானே?

அப்பேர்ப்பட்டவளைத் தேடிக் கிள்ளானிலிருந்து பாத்திரக் கடைக்காரர் கார்த்திகேசு வந்தார். கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த தாத்தா காலத்துக் கடைவீட்டை இடித்துவிட்டு ஆறு மாடியில் ஹோட்டல் கட்ட வேண்டுமாம், அவள்தான் பிளான் போட வேண்டுமாம். அவள் வாழ்நாளில் வந்த ஆகப் பெரிய வேலை. வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியிருப்பார்கள்.

இவளோ கடைவீட்டைப் போய்ப் பார்த்தாள். நடுவில் வானம் பார்த்த முற்றம் இருந்திருக்கிறது. தகரம் போட்டு மூடிவிட்டார்கள். காற்றுக்காகச் சுவரில் விட்ட துளைகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு, மூச்சு விடவில்லை என்று குறை சொன்னால் அது என்ன நியாயம்?

"இதை இடிக்க எனக்கு மனசு வரல, அங்கிள்."

"உள்ள நின்னு பாரும்மா, அடுப்பு மாதிரி காயுது. ஏர்கோன் இல்லாம இங்க ஒரு மனுசன் ஒரு மணி நேரம் உட்கார முடியுமா?"

"நூறு பேர உட்கார வெச்சுக் காட்டுறேன், நாள் முழுக்க. யாராவது எழுந்து ஓடினா, மறுநாளே உங்க ஹோட்டலுக்குப் பிளான் போடுறேன்."

கார்த்திகேசு சிரித்தார். "சரி லா. இடிக்கப்போற வீடுதானே, என்னமோ பண்ணு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நூறு பேருக்கு எங்கே போவது? அப்போதுதான் கட்டடக் கலைஞர் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் அவள் நினைவுக்கு வந்தது. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் பழைய கட்டடங்களைக் காப்பது எப்படி என்பது இந்த வருடத் தலைப்பு. இடம் மட்டும், சுவெட்டர் போடாமல் உட்கார முடியாத கோலாலம்பூர் ஹோட்டல் மண்டபம். ஊருக்குத்தான் உபதேசம்! செயற்குழுவில் அவள் எழுந்து, கூட்டத்தைக் கார்த்திகேசுவின் கடைவீட்டிலேயே வைக்கலாம் என்றதும் தலைவர் கௌசிகனின் முகம் சுருங்கிவிட்டது.

"கிள்ளான் வெயில்ல, ஏர்கோன் இல்லாமலா? ஆளுங்க என்னைத் திட்டுவாங்க, மீனா."

"திட்டினா என் பேரைச் சொல்லுங்க, சார்."

ஒற்றைக் காலில் நின்று சம்மதம் வாங்கினாள். பிறகு தகரம் இறங்கியது, துளைகள் திறந்தன. சுவரை மூடியிருந்த பிளாஸ்டிக் பெயிண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். பழைய மரச் சன்னல்களையே செப்பனிட்டு மறுபடி மாட்டினார்கள்.

கூட்டத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. வந்தவர்களோ, பழக்க தோஷம், கோட்டும் சுவெட்டருமாக வந்து இறங்கினார்கள். முதல் பேச்சு முடிவதற்குள் கோட்டெல்லாம் நாற்காலி முதுகுக்குப் போய்விட்டது. நிகழ்ச்சித்தாளை மடித்து விசிறத் தொடங்கினார்கள்.

ஆனால் விசிறிய கைகள் மெல்ல மெல்ல மடிக்கு இறங்கின. சூடான காற்று முற்றத்து வழியே மேலேற, தெருப்பக்கத்து நிழலிலிருந்து புதுக்காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தது. மதியம் வாழையிலைச் சாப்பாடு. சாப்பிட்ட கையோடு ஆட்கள் நழுவிவிடுவார்களோ என்று பயந்தாள். ஒரு நாற்காலியும் காலியாகவில்லை.

கடைசியாக அவள் பேச எழுந்தாள். வாயைத் திறந்ததும் முன்வரிசையிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. யார் முதலில் ஓடுவார்கள் என்று காலையிலிருந்து கண்கொத்திப் பாம்பாய்க் காத்திருந்த கார்த்திகேசு, முற்றத்து ஓரமாகத் தலையைச் சாய்த்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கௌசிகன் எழுப்பப் போனார்.

"எழுப்பாதீங்க, சார்," என்றாள் மைக்கில். "ஏர்கோன் இல்லாம இங்க ஒரு மணி நேரம் உட்கார முடியாதுன்னு சொன்ன அங்கிள் இவருதான்."

சபை சிரித்த சிரிப்பில் அவரே விழித்துக்கொண்டார். சுற்றிலும் எல்லாரும் கைதட்டுவதைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று மீனலோசனி மைக்கைத் தாழ்த்திக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"வீட்டு ஏர்கோன்லகூட எனக்கு இப்படித் தூக்கம் வந்ததில்ல," என்றார். "ஹோட்டல விடும்மா. அந்தத் தகரத்த இன்னைக்கே லோரியில ஏத்தி அனுப்பிடு. மறுபடி என் கையில சிக்கக் கூடாது."