எழுபத்தெட்டு பேருக்கான குரல்

வித்யாலக்ஷ்மி டாலிகஞ்சில் அந்தப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த வருஷம், ஆசிரியர் அறையில் அவளுக்கு நாற்காலி கிடைக்கவில்லை. ஏற்கெனவே இருபத்துமூன்று டீச்சர்கள். கடைசியாக வந்தவள் அலமாரிக்குப் பக்கத்து முக்காலியில்தான் உட்கார வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் மட்டும் எழுபத்தெட்டு பெண்கள். அத்தனை வாய்களையும் தாண்டிக் கடைசி பெஞ்சுவரை போகும் ஒரு குரலை முதல் மாதத்திலேயே அவள் வளர்த்துக்கொண்டாள். அந்தக் குரல் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. சாம்பாரில் உப்பு சரியா என்று புருஷன் குருபிரசாதைக் கேட்டால், என்ன சண்டையோ என்று, எல்லோரும் பௌதி என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி மாமி மாடிப்படி ஏறி வருவாள்.

பத்தொன்பது வருஷத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய்விட்டார்கள். ரிடையரான டீச்சர்களின் இடத்துக்கு யாரும் வரவில்லை; வந்தாலும் யாருக்குப் பாடம் சொல்வது? இப்போது ஆறு டீச்சர்கள், முப்பத்தோரு பெண்கள். நாற்காலிக்குப் பஞ்சமில்லை, காலை நீட்டிக்கொள்ளக்கூட தனியாக ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பில் இரண்டே பேர். அதில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால், "நானும் கிளம்பட்டுமா தீதி?" என்று மற்றவள் பாவம்போலக் கேட்பாள். ஒருநாள் பழக்க தோஷத்தில் பழைய குரலில் வட்டத்தை விளக்கப் போக, யாரைத் திட்டுகிறாள் என்று பக்கத்து அறை டீச்சர் ஓடி வந்தாள். அன்று வித்யாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுததை யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது. இந்தப் பள்ளிக்கு இரண்டு கணக்கு டீச்சர் தேவையில்லை, ஒருவர் போதும். வெகு தூரத்தில், லக்ஷ்மிகாந்தபூர் தாண்டி ஒரு பள்ளியில் நாலு வருஷமாகக் கணக்கு டீச்சரே இல்லை. ஒருவர் அங்கே போக வேண்டும். இளையவள் ரஞ்சனாதான் போவாள் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அவளுக்கோ ஆறு மாதக் கைக்குழந்தை. வித்யா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தனக்குப் போக விருப்பம் என்று எழுதிக் கொடுத்தாள். எவ்வளவு பெரிய தியாகம் என்று ரஞ்சனா கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, இவளுக்குக் கூச்சமாகப் போயிற்று. தியாகமாவது ஒன்றாவது! ஒரு நிறைந்த வகுப்புக்காக அவள் ஏங்கிப்போயிருந்தாள்.

வீட்டில் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. மாற்றல் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டாள். குருபிரசாத் கொதித்துவிட்டார். "அம்பத்தொரு வயசுக்காரியை லோக்கல் ட்ரெயின்ல தொங்க விடறதா? இதை நான் சும்மா விடப்போறதில்லை." இப்படித் தனக்காகக் கோபப்படுகிற மனுஷரிடம் உண்மையை எப்படிச் சொல்வது? இன்று நாளை என்று பத்து நாள் ஓடிவிட்டது. பதினோராம் நாள் அவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, யாரிடமோ அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு, கல்வி அதிகாரியைப் பார்க்க சால்ட் லேக் கிளம்பிவிட்டார்.

கட்டின புருஷன் போன காரியம் ஜெயிக்கக்கூடாது என்று, அன்று பகல் முழுக்க வித்யா காளிகாட் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். போன் செய்து உண்மையைச் சொல்லிவிடலாமென்று பார்த்தால், அவர் எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"ஃபைலை எடுத்துக் காமிச்சான். உன் கையெழுத்து. விருப்பம்னு எழுதி, அடியில கோடு வேற போட்டிருக்கே. அந்த ஆபீசர் என்னைப் பார்த்து, 'அண்ணா, வீட்டுல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையா'ன்னு கேக்கறான்."

"பயமா இருந்தது. வயசைச் சொல்வேள், முட்டி வலியைச் சொல்வேள்…"

"சொல்லத்தான் சொல்வேன். வேணும்னா மாற்றலை நிறுத்தி வைக்கட்டுமான்னு ஆபீசர் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னேள்?"

"கிளாசுக்கு ரெண்டு பேர் அவளுக்குப் போறாது, விட்டுடுங்கோன்னு சொன்னேன். பத்தொன்பது வருஷமா அந்தக் குரலைக் கேட்டுண்டிருக்கேன். இந்த ரெண்டு வருஷமா அது இறங்கிப்போனது எனக்குத் தெரியாதா?"

வித்யா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பத்து நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் இறங்கிய அழுகை அது.

அடுத்த மாதம் முதல் தேதி, ஜாதவ்பூர் வரை ஆட்டோ, அங்கிருந்து ரயில், அதற்கப்புறம் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தாள். சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்பி வந்து கூடத்து நாற்காலியில் சாய்ந்தவளுக்கு முட்டி விண்விண்ணென்று தெறித்தது, புடவை முழுக்க சாக்பீஸ் தூள்.

"எப்படி இருந்தது?" என்று குருபிரசாத் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. தொண்டை அடியோடு கட்டிப்போயிருந்தது. அவர் பதறிப்போய் பாலில் மிளகுப்பொடி போட்டுக் காய்ச்சிக்கொண்டு வந்தார்.

ஒரு வாய் குடித்துவிட்டு, அவரைக் கிட்டே வரச் சொல்லிக் காதோரம் சொன்னாள்: "ஒன்பதாம் கிளாஸ்ல எண்பத்தாறு பேர், அட்டெண்டன்ஸ் எடுத்து முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுடுத்து."